டிரெஸ்டனில் கடைசி ஏழு வாரம்: ஊர் சுற்றவா, இங்கேயே இருக்கவா?

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.டெக் கடைசி வருடம், மெக்கானிக்கல். ஒரு செமஸ்டர் மட்டும் பரிமாற்ற மாணவியாகப் போன அக்டோபரில் ஜெர்மனிக்கு, டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இந்த வாரத்தோடு வகுப்புகள் முடிகின்றன. பிப்ரவரி 17 ஒரு பரீட்சை, மார்ச் 3 இன்னொன்று. மார்ச் 24 பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு விமானம். விசாவும் ஹாஸ்டல் அறையும் மார்ச் 31 வரை இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஏழு வாரம்தான். இதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

என்னோடு வந்த நான்கு பேரும் பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பி பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ், வியன்னா, புடாபெஸ்ட் எல்லாவற்றையும் பதினாறு நாளில் பார்த்துவிட்டு வந்து பெட்டி கட்டுவது. என்னையும் கூப்பிடுகிறார்கள். அம்மாவும் போனில் “அவ்வளவு தூரம் போயிட்டு ஈபிள் டவரைப் பார்க்காம வரப்போறியா?” என்று கேட்கிறார். கையில் மிச்சம் பிடித்தது 700 யூரோ போல இருக்கிறது. பணம் ஒரு காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் காரணம் அது இல்லை.

இந்த ஊர் எனக்கு இப்போதுதான் பழகியிருக்கிறது. அக்டோபரும் நவம்பரும் அழுதே போயின. நான் பாளையங்கோட்டைக்காரி, வெயில் இல்லாத ஒரு வாரத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். யாரிடம் பேசினாலும் வார்த்தை தேடுவதற்குள் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அப்புறம் எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் சமையலறையில் நாலு பேர்: ஒரு போலந்துப் பெண், ஒரு ஜார்ஜியப் பெண், ஒரு ஜெர்மன் பையன், நான். பொங்கலன்று பால் பொங்கி வழிந்தபோது மூன்று பேரும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள், ஜார்ஜியப் பெண் அடுப்பைத் துடைக்கவே விடவில்லை, அது அப்படியே இருக்கட்டும், நல்ல சகுனம் என்றாள். இன்னொருவர், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் வியட்நாம் அம்மா. பச்சை மிளகாய், கொத்தமல்லி, எப்போதாவது கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான் வாங்குகிறேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் அரைகுறை. ஆனால் இந்த ஊரில் என்னோடு ஜெர்மனிலேயே பொறுமையாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். அவரிடம் நான் போகப் போகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, கிளம்பும் முன் கட்டாயம் முடிக்க வேண்டிய காகித வேலைகள் என்ன? சர்வதேச அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, படித்தால் தலை சுற்றுகிறது. இரண்டாவது, நான் ஊர் சுற்றப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் பிற்பாடு வருத்தப்படுவேனா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் எண் டிராம் எழுதியது:

தங்கச்சி, நான் 2018-19 குளிர்கால செமஸ்டருக்கு அதே ஊரில் இருந்தவள். உன் பதிவைப் படித்ததும் மென்சாவின் (பல்கலைக்கழக கேன்டீன்) உருளைக்கிழங்கு வாசனையே வந்துவிட்டது. முதலில் காகித வேலை. அது முடிந்தால்தான் மற்றதற்கு மனம் வரும்.

மிக முக்கியமானது அப்மெல்டுங். வந்தவுடன் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாய் இல்லையா, அதை நீக்குவது. வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, காலி செய்த பின் இரண்டு வாரம் வரைதான் இதற்கு நேரம், அதற்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல ஊர்களில் படிவத்தை நிரப்பி அனுப்பினாலே போதும், நேரில் போக வேண்டாம். பதிலுக்கு ஒரு தாளில் உறுதிச் சான்று தருவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வை, பத்து இடத்துக்கு ஸ்கேன் எடுத்து வை. மற்ற கதவுகளெல்லாம் அதைக் காட்டினால்தான் திறக்கும். மருத்துவக் காப்பீட்டை நிறுத்த அது வேண்டும் (நிறுத்தாவிட்டால் மாதம் 140 யூரோவுக்கு மேல் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்). ரேடியோ, டிவி கட்டணத்தை நிறுத்தவும் அது வேண்டும். அந்தக் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, பகிர்ந்து இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் பெயரில் இருக்கும். அது உன் பெயரில் இருந்தால் கிளம்பும் முன் இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சொல். நான் இதை மறந்துவிட்டு ஊருக்குப் போய் எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

வங்கிக் கணக்கை மூடாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். அறையின் டெபாசிட் நீ கிளம்பி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். படிவத்தில் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்பார்கள், நம் ஊர் வங்கிகளுக்கு ஐபான் கிடையாது. அங்கேயுள்ள கணக்கு திறந்திருந்தால் பணம் அதில் வந்து விழும், பிறகு நிதானமாக ஊருக்கு மாற்றிக்கொண்டு கணக்கை மூடலாம். விசாவுக்காகத் திறந்த பிளாக்டு அக்கவுண்டில் பணம் மிச்சம் இருந்தால் அது வேறு கதை, அதை விடுவிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதமோ தூதரகத்தின் கடிதமோ கேட்பார்கள். இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடு.

அப்புறம் அறை ஒப்படைப்பு. மார்ச் கடைசியில் ஊரே காலி செய்யும், ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் நேரம் கிடைக்காது. உன் விமானம் செவ்வாய்க்கிழமை என்பதால் திங்கள் காலைக்கு இப்போதே எழுதி வாங்கு. சனி ஞாயிறு வரமாட்டார்கள். சமையலறை அலமாரிப் பலகையில் மஞ்சள் கறை இருக்கும், நம் ஆட்கள் இருந்த அறை என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கழற்ற முடிந்த பலகை என்றால் வெயில் படும் ஜன்னலோரம் இரண்டு மூன்று நாள் வை, மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளுத்துவிடும். குழாயில் படிந்த வெள்ளைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூள் போதும், விலை உயர்ந்த கெமிக்கல் எதுவும் வாங்க வேண்டாம்.

உன் இரண்டாவது கேள்விக்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். பிப்ரவரி 13 அன்று எங்கேயும் போகாதே. இரண்டாம் உலகப் போரில், 1945இல் அன்றைய இரவுதான் இந்த ஊர் மீது நேச நாடுகளின் குண்டுவீச்சு தொடங்கியது. 25,000 பேர் வரை இறந்தார்கள் என்பது நகரம் அமைத்த வரலாற்றாளர் குழுவின் கணக்கு. அந்த நாளைத் தங்களுக்காகப் பிடுங்கிக்கொள்ள நவநாஜிகள் வருடாவருடம் ஊர்வலம் வந்தார்கள். அதை விடமாட்டோம் என்று 2010இலிருந்து ஊர் மக்கள் மாலையில் பழைய நகரைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். நானும் நின்றேன். ஒரு பக்கம் பல்கலைக்கழக ஊழியர் ஒருவர், இன்னொரு பக்கம் கையுறை போடாத ஒரு பாட்டி. என் கை விறைத்துப் போனதைப் பார்த்துத் தன் கோட்டுப் பைக்குள் என் கையைச் சேர்த்து வைத்துக்கொண்டார். இரவு 9.45க்கு, அன்று விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்த நேரத்தில், ஊரிலுள்ள எல்லாத் தேவாலய மணிகளும் அடிக்கும். அப்போது ஃபிரவுன்கிர்ஹே தேவாலயத்தின் முன்னால் நின்று அதன் சுவரைப் பார். கறுப்பாக இருப்பவை பழைய தேவாலயத்தின் கற்கள், வெளிறியவை 2005இல் முடிந்த மறுகட்டுமானத்தின் கற்கள். நாலு மாதம் அந்த வழியாகப் போயும் அந்த இரவுக்கு முன் நான் அதைக் கவனித்ததில்லை.

ஆகனில் மதுரைக்காரன் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் மாறுபடுகிறேன். போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் இங்கே முதுகலை படிக்கிறேன், எனக்கே இரண்டு வருடத்தில் ரோம் போக நேரம் வாய்க்கவில்லை. உங்கள் தேசிய விசாவை வைத்து ஷெங்கன் நாடுகளுக்கு (பொது விசா முறையில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) தனி விசா இல்லாமல் போய் வரலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே பாரிஸுக்குப் போக வேண்டுமென்றால் விண்ணப்பம், நேர்முகம், வங்கி அறிக்கை, அப்பாவின் வருமானச் சான்று என்று எத்தனை படி ஏற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நம் பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கதவு திறந்திருக்கும் நாட்கள் குறைவு. அதை வீணாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் பதினாறு நாளில் ஆறு நகரம் வேண்டாம். அந்தத் திட்டத்தில் பாதி இரவு பேருந்தில் போகும், மீதி லாக்கர் தேடுவதில் போகும். நான் முதல் வருடம் அப்படி ஒரு சுற்று போனேன், வியன்னாவில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் பேருந்து நிலையத்துக் கழிவறை மட்டும்தான் நினைவிருக்கிறது. ஒரே ஒரு ஊர் தேர்ந்தெடுத்து நாலு நாள் இருங்கள். உங்களுக்கு செக் தலைநகர் பிராகா பக்கம், ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், வழியில் பெரும்பகுதி எல்பே ஆற்றை ஒட்டியே போகும். எல்லை தாண்டியதே தெரியாது, அறிவிப்பின் மொழி மாறுவதை வைத்துத்தான் தெரியும்.

தேதி விஷயம் ஒன்று. விசா மார்ச் 31 என்றால் மார்ச் 31க்குள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு விமானம் ரத்தாகி இரண்டு நாள் கழித்து வேறு விமானம் கொடுத்தார்கள், நல்ல வேளையாக அவருக்கு விசாவில் நாள் மிச்சம் இருந்தது. நீங்கள் 24ஆம் தேதி வைத்தது நல்ல முடிவு, யார் சொன்னாலும் அதை 30க்குத் தள்ளாதீர்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்கு ரயிலில் போவதானால் விமானத்துக்கு மூன்று மணி முன்னால் சேரும் ரயிலைப் பிடிக்காதீர்கள், அதற்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள்.

மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பரீட்சை மார்ச் 3 என்றால் திருத்தி மதிப்பெண் ஏற்றப் பல வாரம் ஆகலாம், நீங்கள் கிளம்பும்போது டிரான்ஸ்கிரிப்ட் கையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் கிரெடிட் மாற்றத்துக்குக் கடைசி நாள் எது என்று இப்போதே கேட்டு, அந்தத் தேதியைப் பேராசிரியருக்கு ஒரு சின்ன மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டார்கள். முன்கூட்டியே நேராகக் கேட்டால் இங்கே நன்றாகவே உதவுவார்கள், கடைசி நாளில் கெஞ்சினால்தான் கதவு மூடும். தங்கியிருந்த காலத்துக்கான சான்றிதழில் கையெழுத்து வாங்குவதைக் கிளம்பும் வாரத்தில் வையுங்கள். ஸ்காலர்ஷிப் இருந்தால் அதில் போட்ட தேதி வரைதான் பணம் கணக்கிடுவார்கள். அதோடு, பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கும் படிவத்தில் ‘உடனடியாக’ என்பதற்கு டிக் போட்டுவிடாதீர்கள், ‘செமஸ்டர் முடிவில்’ என்று போடுங்கள். உடனடியாக என்று போட்டால் மாணவர் அட்டையும் அதோடு வரும் பயணச்சீட்டும் அன்றே செல்லாமல் போகும்.

வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இங்கே 1.0தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 என்றால் தோல்வி. என் அப்பா என் 1.7ஐப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தாமிரபரணிக்காரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அக்கா, ஹவுஸ்மைஸ்டருக்கு எழுதிவிட்டேன், மார்ச் 23 காலை ஒன்பது மணி கிடைத்துவிட்டது. ரேடியோ கட்டணம் ஜெர்மன் பையன் பெயரில்தான் இருக்கிறது, தப்பித்தேன். அண்ணா, கிரெடிட் தேதி கேட்டேன், ஏப்ரல் 15 என்கிறார்கள். பேராசிரியருக்கு எழுதிய அன்றே பதில் வந்தது, மார்ச் கடைசிக்குள் திருத்திவிடுவேன் என்று இரண்டே வரி.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீங்கள் இருவரும் சொல்வதைப் பார்த்தால், போவது, இருப்பது இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது, அது புரிகிறது. ஆனால் எனக்குப் பயம் வேறு. இங்கே இருந்தால் தினமும் ஒவ்வொருவராக விடைபெற வேண்டி வரும். ஊர் சுற்றப் போய்விட்டால் கடைசி இரண்டு நாளில் எல்லாம் அவசர அவசரமாக முடிந்துவிடும். நண்பர்களோடு போகலாமா என்று என் மனம் திரும்பத் திரும்பக் கேட்பதே இதிலிருந்து ஓடத்தானோ என்று தோன்றுகிறது. வியட்நாம் அம்மாவிடம் நேற்றும் சொல்லவில்லை. கடைக்குப் போனேன், மிளகாய் வாங்கினேன், வந்துவிட்டேன்.

வடமராட்சி எழுதியது:

வணக்கம் பிள்ளை. நான் பரீட்சைக்கும் படிப்புக்கும் வெளியில் உள்ள ஆள், வயது அறுபத்திரண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

நான் 1985இல் இந்த நாட்டுக்கு வந்தேன். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின் ஷோனபெல்ட் விமான நிலையம், பிறகு ரயில் ஏறி மேற்கு பெர்லின். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கனபேர் அந்த வழியால்தான் வந்தார்கள். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டது விடியப்புறம் மூன்று மணிக்கு. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லவில்லை, சொன்னால் கதை பரவிவிடும் என்று பயம். எனக்கு நீந்தப் பழக்கின சிநேகிதனிடம் சொல்லவில்லை. வாசிகசாலையில் எனக்குப் பேப்பர் எடுத்து வைக்கிற ஐயாவிடம் சொல்லவில்லை. மாமியும் ஐயாவும் நான் திரும்பிப் போகும் முன்பே காலமாகிவிட்டார்கள். சிநேகிதன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. நாற்பது வருடமாக நான் அந்த மூன்று பேரோடும் மனதுக்குள் கதைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஏழு வாரம் இருக்கிறது, பகல் வெளிச்சத்தில் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம்.

அந்த வியட்நாம் அம்மாவைப் பற்றி ஒன்று. கிழக்கு ஜெர்மனி 1980இல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிற்சாலை வேலைக்கு ஆட்களை எடுத்தது. பெர்லின் சுவர் விழும்போது அறுபதினாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். நாடே இல்லாமல் போனதும் தொழிற்சாலைகளும் மூடுப்பட்டன. ஆட்களுக்கு வேலையும் இல்லை, விசாவும் நிச்சயமில்லை. அப்படி நின்று பிடித்தவர்களில் கனபேர் தொடங்கினதுதான் இந்தச் சின்னச் சின்ன மரக்கறிக் கடை, பூக்கடை, தையல் கடை எல்லாம். அந்தக் கடைக்கார அம்மாவும் அப்படி வந்தவரா என்று எனக்குத் தெரியாது, நீங்கள் கேட்டுப் பாருங்கள். வந்தவர் என்றால் ஒரு பிள்ளை அரைகுறை ஜெர்மனில் மிளகாய் கேட்கும்போது அவருக்குத் தன் முதல் வருடம் ஞாபகம் வரும். அதனால்தான் அவர் ஆங்கிலத்துக்கு ஓடாமல் பொறுமையாகக் கதைக்கிறார் என்று நான் நினைக்கிறேன். எனக்கும் இங்கே ஒரு துருக்கிக்காரர் அப்படி இருந்தார், பேக்கரியில் வேலை. பாண் என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று சொல்லித் தந்தவர் அவர்.

பயணம் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்? கையைப் பிடிக்கலாம், அவ்வளவுதான். இப்போதே சொன்னால் உங்களுக்கு இன்னும் ஏழு வாரம் அவரோடு இருக்கிறது. ஒரு நாள் எங்கள் பக்கம் வர முடிந்தால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் வாருங்கள். 2002இல் கும்பாபிஷேகம் செய்த பெரிய கோயில், கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். தேர் கோடையில்தான், அப்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் எண் டிராம் எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன், இப்போது சொல்கிறேன்.

நான் ஓடினவள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் பன்னிரண்டு நாள் இத்தாலி, திரும்பி வந்து இரண்டு நாளில் பெட்டி. என் அறைத்தோழி அன்று லைப்சிக்கில் இருந்தாள், அவளுக்குக் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். சென்னைக்கு வந்து ஒரு மாதம் எனக்கு என்ன ஆனதென்று யாருக்கும் புரியவில்லை. வெளியே கத்திரி வெயில், நான் அறைக்குள் உட்கார்ந்து அந்த ஊர் டிராம் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா ஆசையாகச் சமைத்துப் போட்டால் சாப்பிடுவேன், பேச்சு வராது. “வெளிநாடு போய்ப் புள்ள மாறிட்டா” என்றார்கள். மாறவில்லை, முடிக்காமல் வந்துவிட்டேன், அவ்வளவுதான். ஊரில் போய் இறங்கியதும் இப்படி ஒரு மாதம் வரலாம், வந்தால் பயப்படாதே. வீட்டுக்கும் இப்போதே சொல்லி வை, வந்ததும் ஒரு வாரத்துக்கு உறவினர் வீட்டுக்கெல்லாம் கூட்டிப்போக வேண்டாம் என்று.

நான் தினமும் மூன்றாம் எண் டிராமில் கரோலா பாலத்தைத் தாண்டி நியூஸ்டாட் பக்கம் போவேன். ஆற்றின் நடுவில் வரும்போது ஒரு பக்கம் பழைய நகரத்தின் கோபுரங்கள் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அந்த நாற்பது நொடிதான். திரும்பி வரும்போது மறுபடி பார்க்கலாம் என்று நினைத்து வந்தேன். 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் அந்தப் பாலத்தின், டிராம் போகும் பகுதி, ஆற்றுக்குள் இடிந்து விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன், தண்டவாளம் தண்ணீரில் தொங்குகிறது. அதற்குப் பிறகு மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். நீ வந்தபோதே அங்கே பாலம் இல்லை, உனக்கு அது வெறும் ஆறு.

அதனால் உன் பட்டியலில் இதையெல்லாம் சேர்த்துக்கொள். நீ தினமும் படிக்க உட்காரும் நூலகத்திலேயே மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்கள் மரப்பட்டைத் தாளில் எழுதிய ஒரு சுவடி இருக்கிறது, டிரெஸ்டன் கோடெக்ஸ் என்பார்கள், உலகத்தில் மிஞ்சியிருக்கும் மாயா சுவடிகள் நாலில் ஒன்று. நேரம் பார்த்துக்கொண்டு போ. ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்1 ரயிலில் ராத்தன் வரை போ, ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது, மோட்டார் கிடையாது. கயிற்றில் கட்டிய படகை ஆற்றின் ஓட்டமே அக்கரைக்குத் தள்ளும். மெக்கானிக்கல் படிப்பவள் நீ, அதைப் பார்க்காமல் வரக்கூடாது. ஏறினால் பாஸ்டாய் பாலமும் பாறை முகடும், முகடு ஆற்றுக்கு மேலே 194 மீட்டர். பிப்ரவரியில் படியெல்லாம் பனி உறைந்திருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள். தனியாகப் போகாதே, அந்தச் சமையலறை மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போ.

சாமான் விஷயம்: குக்கர், இட்லித் தட்டு, அஞ்சறைப் பெட்டி எல்லாம் அடுத்து ஏப்ரலில் வரும் நம் பிள்ளைகளுக்கு விட்டுவிடு. குளிர் கோட்டைத் தூக்கி வந்து பாளையங்கோட்டையில் என்ன செய்யப் போகிறாய்? மிச்சத்தை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெர்மனில் எழுதி வாசலில் வைத்தால் மாலைக்குள் காலியாகிவிடும். பொங்கல் பொங்கின பாத்திரத்தை மட்டும் எடுத்து வா.

தாமிரபரணிக்காரி எழுதியது:

இன்று பிப்ரவரி 18. நேற்று முதல் பரீட்சை முடிந்தது, தேறிவிடுவேன்.

முதலில் இதைச் சொல்கிறேன்: நண்பர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான். மார்ச் 6இலிருந்து நாலு நாள் பிராகா, ஜார்ஜியப் பெண்ணும் வருகிறாள். அம்மாவிடம் ஈபிள் டவர் இல்லை என்று சொன்னேன், “சரி, உனக்கு எது தோணுதோ” என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது, ஊருக்கு வந்து பேசிக்கொள்கிறேன்.

13ஆம் தேதி போனேன். அக்கா சொன்ன பாட்டி எனக்குக் கிடைக்கவில்லை, எனக்கு இரண்டு பக்கமும் பள்ளிப் பிள்ளைகள். கைகோத்து நின்றபோது ஒருவன் என்னிடம் எங்கிருந்து வருகிறாய் என்று ஜெர்மனில் கேட்டான், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை ஆங்கிலத்துக்கு மாறவில்லை. 9.45க்கு மணி அடித்தபோது சுவரைப் பார்த்தேன். இருட்டில் கறுப்புக் கல் எது, புதுக் கல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை மறுபடி போய்ப் பார்த்தேன்.

ஐயா, நேற்று பரீட்சை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். நேற்று அவர்களுக்குப் புத்தாண்டு, டெட் என்கிறார்கள், எனக்கு அது தெரியாது. கடை பூட்டியிருந்தது. திரும்பலாம் என்று பார்த்தால் உள்ளே வெளிச்சம், அவருடைய மகள் கதவைத் திறந்தாள். அவரிடம் சொல்லிவிட்டேன். மார்ச் 24 போகிறேன் என்று நான் மனப்பாடம் செய்து வைத்த வாக்கியத்தைச் சொன்னேன், வினைச்சொல்லைத் தப்பான இடத்தில் போட்டேன், அவர் திருத்திவிட்டு அப்புறம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். 1988இல் வந்தாராம், தையல் தொழிற்சாலைக்கு, வயது இருபத்தொன்று. வந்த முதல் குளிர்காலம் முழுக்க அழுதேன் என்றார்.

பிறகு உள்ளே போய் இலையில் சுற்றிய ஒரு சதுரப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். புத்தாண்டுக்குச் செய்வதாம். எனக்கென்று இறைச்சி வைக்காததாகப் பார்த்து எடுத்தார், நான் சாப்பிடமாட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், ஐந்து மாதமாக நீ என்னென்ன வாங்குகிறாய் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். அறைக்கு வந்து பிரித்தால் உள்ளே பச்சரிசி போல ஒட்டும் ஒரு அரிசி, நடுவில் பாசிப்பருப்பு, மிளகு வாசனை. சமையலறையில் நாலு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். போலந்துப் பெண் ஒரு வாய் வைத்துவிட்டு, “இது உன் பொங்கல்தானே?” என்றாள்.

சனிக்கிழமை கடை அடைக்கும் நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறார், இலையைச் சுற்றும் விதம் காட்டித் தருகிறாராம். நான் மிளகும் நெய்யும் கொண்டு போகிறேன்.